தொப்பூர் இறக்கமும் கிளட்ச் பெடல் இல்லாத ட்ரெய்லரும்

கேள்வி: வணக்கம் சார். சங்ககிரியில் இரண்டு ட்ரெய்லர் வைத்து ஓட்டுகிறேன். கர்நாடகா தோரணகல்லில் ஸ்டீல் காயில் ஏற்றி சேலம், கோயம்புத்தூர் பக்கம் இறக்குவதுதான் வழக்கமான டிரிப். மூன்றாவதாக ஒரு 55 டன் வண்டி எடுக்கப் போகிறேன். கிளட்ச் பெடல் இல்லாத ஆட்டோமேட்டிக் எடுங்கள், மைலேஜ் கூடும் என்று ஷோரூமில் சொல்கிறார்கள். என்னிடம் பல வருடமாக ஓட்டும் டிரைவர் அண்ணனோ, "லோடோட தொப்பூர் இறங்கறப்ப கியர் என் கையில இருக்கணும், அந்த வண்டி எனக்கு வேண்டாம்" என்கிறார். அவருக்கு இடது முழங்கால் வலி வேறு. நடுவழியில் நின்றால் யார் பார்ப்பார்கள், நாளைக்கு விற்றால் விலை போகுமா என்ற பயமும் எனக்கு இருக்கிறது. எதை எடுக்கலாம்?

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது டிரைவர் அண்ணன் சொன்ன அந்த ஒரு வரிதான். அவ்வளவு பாரத்தோடு தொப்பூர் கணவாய் இறங்கும்போது கியர் தன் கையில் இருக்க வேண்டும் என்று நினைக்கிற டிரைவர் கிடைப்பது லேசில்லை. அவர் பயத்தைப் பழைய ஆள் பிடிவாதம் என்று ஷோரூமில் யாராவது ஒதுக்கினால் அதைக் கேட்காதீர்கள். அவர் கேட்பது சரியான கேள்வி, அதற்குச் சரியான பதிலும் இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ரூட்டுக்கும் உங்கள் டிரைவருக்கும் கிளட்ச் பெடல் இல்லாத வண்டி பொருந்தும், எடுக்கலாம். ஆனால் இரண்டு விஷயம் ஒத்துவந்தால் மட்டும்: அந்த வண்டியில் நல்ல எஞ்சின் பிரேக் (எஞ்சினை வைத்தே வண்டியின் வேகத்தைப் பிடிக்கும் அமைப்பு) இருக்க வேண்டும், பணம் கட்டுவதற்கு முன்னால் அண்ணன் லோடோடு அதை ஓட்டிப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் மேனுவலே எடுங்கள், அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

முதலில், ஷோரூமில் ஆட்டோமேட்டிக் என்று சொல்வது எதை என்று பார்த்துக்கொள்வோம். கல்குவாரி டம்பர், தீயணைப்பு வண்டி, குப்பை லாரி போன்றவற்றில் டார்க் கன்வெர்ட்டர் வைத்த முழு ஆட்டோமேட்டிக் பெட்டி வரும். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் அலிசன் கம்பெனி செய்வது அந்த வகை. அதில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே ஆயில்தான் இழுவையைக் கடத்தும். நின்று நின்று எடுக்கும் வேலைக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் விலை அதிகம். உங்களைப் போல நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்கு அது தேவையும் இல்லை. உங்களிடம் காட்டியிருப்பது பெரும்பாலும் ஏ.எம்.டி.யாகத்தான் (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்) இருக்கும். அதன் உள்ளே இருப்பது நீங்கள் இத்தனை வருடம் பார்த்த அதே பல்சக்கரங்கள், அதே கிளட்ச் பிளேட், அதே பிரஷர் பிளேட். கிளட்ச்சை மிதிக்கிற காலுக்கும் கியர் போடுகிற கைக்கும் பதிலாக, ஏர் அழுத்தத்தில் வேலை செய்யும் ஆக்சுவேட்டர் இருக்கிறது. எப்போது எந்த கியர் என்று முடிவு செய்ய ஒரு கண்ட்ரோல் யூனிட் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இது நம் ரோட்டுக்குப் புதிதும் இல்லை. வோல்வோ கம்பெனி 2001இல் ஐரோப்பாவில் ஐ-ஷிஃப்ட் என்ற 12 கியர் பெட்டியைக் கொண்டுவந்தது. இன்றைக்கு அங்கே விற்கும் நெடுந்தூர லாரிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். பெங்களூரிலிருந்து கோயம்புத்தூருக்கு ராத்திரி ஓடும் வோல்வோ மல்டி ஆக்சில் ஆம்னி பஸ்களிலும் அதே பெட்டி உண்டு. அவை தினமும் தொப்பூர் இறங்கித்தான் வருகின்றன. ஆனால் உங்களிடம் யாராவது அந்த பஸ்ஸைக் காட்டி 'பாருங்கள், பயமே இல்லை' என்றால், ஒன்றை ஞாபகம் வையுங்கள்: அந்த பஸ்களில் ரிட்டார்டர் (பிரேக் டிரம்முக்கு வேலை வைக்காமல் வேகத்தைக் குறைக்கும் தனிக் கருவி) இருக்கும். பாரமும் உங்கள் ட்ரெய்லரில் பாதி கூட வராது. கியர் பாக்ஸ் ஒன்றாக இருப்பதால் மட்டும் இறக்கம் ஒன்றாகிவிடாது.

சரி, தொப்பூருக்கு வருகிறேன். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் வரும்போது இறக்கம். நீங்கள் காயில் ஏற்றி வருவதும் அந்தத் திசையில்தான். 55 டன் வண்டி 100 மீட்டர் உயரம் கீழே இறங்கினால் ஏறக்குறைய 15 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் விடுபடும். ஒரு சாதாரண வீட்டுக்கு இரண்டு மூன்று நாளுக்குப் போதுமான கரண்ட் அது. அவ்வளவும் சில நிமிடத்துக்குள் எங்கேயாவது வெப்பமாகப் போய்ச் சேர வேண்டும். எஞ்சின் வழியாகப் போகலாம், அல்லது பிரேக் டிரம் வழியாகப் போகலாம். மொத்தத்தையும் டிரம்மில் ஏற்றினால் டிரம் பழுத்து விரியும், லைனிங் பிடிப்பு விட்டுப்போகும், பெடல் கீழே போனாலும் வண்டி நிற்காது. தொப்பூர் இரட்டைப் பாலம் பக்கத்தில் நடந்த எத்தனையோ விபத்துக்குப் பின்னால் இதுதான் கதை.

அங்கே ஆளைக் கொல்வது நியூட்ரல். டீசல் மிச்சம் என்று நினைத்து நியூட்ரலில் விடுவது, இன்னும் சிலர் எஞ்சினையே ஆஃப் செய்வது. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் ஐடிலில் ஓடும், கம்ப்ரசர் மெதுவாகச் சுற்றும். பிரேக்கை மிதித்து மிதித்து விட ஏர் இறங்கிக்கொண்டே போகும், திரும்ப ஏறாது. வேகம் கூடிய பிறகு கியரில் போடலாம் என்று பார்த்தால் மேனுவல் பெட்டியில் பல் பிடிக்காது, கடகடவென்று உறுமும். எஞ்சினை ஆஃப் செய்திருந்தால் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். அதிலும் மிச்சம் என்று நினைக்கிற டீசல் மிச்சமாவதே இல்லை. இப்போது வரும் பி.எஸ்.6 எஞ்சினில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் டீசலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் ஐடிலில் ஓடுவதற்கு டீசல் வேண்டும். செங்குத்தான இறக்கத்தில் நியூட்ரலால் கிடைக்கும் லாபம் சைபர்.

உங்கள் அண்ணன் இதை எல்லாம் செய்கிற ஆள் இல்லை என்பது அவர் பேச்சிலேயே தெரிகிறது. ஏ.எம்.டி. வண்டியில் அவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, மேலே சமதளத்திலேயே, செலக்டரை மேனுவல் நிலைக்கு மாற்ற வேண்டும். இந்தப் பாரத்தோடு இதே மேட்டை ஏறினால் எந்த கியரில் ஏறுவாரோ அந்த கியருக்கோ அதற்கும் ஒன்று கீழேயோ தட்டி இறக்கிக்கொள்ள வேண்டும். எஞ்சின் பிரேக்கில் ஒரு வகையான எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட வேண்டும். எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் பச்சைப் பட்டைக்கு மேலேயும் சிவப்புக்குக் கீழேயும் நிற்கும்படி பார்த்துக்கொண்டால், எஞ்சின் தன் முழுப் பலத்தோடு வண்டியைப் பிடித்து வைக்கும். வேகம் கூடினால் பிரேக்கை அழுத்தமாக ஒரு முறை மிதித்து வேகத்தை இறக்கிவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். லேசாக மிதித்தபடியே இறங்குவதுதான் டிரம்மைப் பழுக்க வைக்கும். மேனுவல் வண்டியில் அவர் செய்வதும் இதேதான். கையில் இருக்கும் தடி சின்னதாகிவிட்டது, முடிவு இன்னும் அவருடையதுதான்.

இங்கே கவனிக்க ஒரு விஷயம் உண்டு. மேனுவல் நிலையில் வைத்திருந்தாலும் முள் சிவப்புக்குப் போனால் எஞ்சினைக் காப்பாற்ற சில வண்டிகள் தானாக ஒரு கியர் மேலே போய்விடும், சில போகாது. கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் இது மாறும். நீங்கள் எடுக்கும் வண்டி எந்த ரகம் என்று டெமோ டிரைவரிடம் வாயால் கேட்காமல், ஆளை வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதேபோல மிதமான இறக்கத்தில் தானாக நியூட்ரலுக்குப் போய் உருளவிடும் வசதி சில மாடல்களில் இருக்கிறது. தும்கூர் பக்கத்து லேசான இறக்கங்களில் அது நல்லது. கணவாயில் அது வேலை செய்யாதபடி வைப்பது எப்படி என்று அண்ணனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எஞ்சின் பிரேக் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. சாதாரண எக்ஸாஸ்ட் பிரேக் என்பது புகைக்குழாயை அடைக்கும் ஒரு தட்டு. அதைவிடப் பலமானது வால்வுகளைத் திறந்து மூடி எஞ்சினையே பிரேக்காக்கும் வகை. அதற்கும் மேலே ரிட்டார்டர். காயில் இழுக்கும் வண்டிக்குச் சாதாரணத் தட்டு மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் பார்க்கும் மாடலில் எது வருகிறது என்று விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள். மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்பதைவிட, தொப்பூரில் உங்கள் ஆளைக் காப்பாற்றப் போவது இந்த ஒரு வரிதான்.

மைலேஜுக்கு வருவோம். ஷோரூமில் சொல்வது பொய் இல்லை, ஆனால் உங்களுக்கு முழுக்கப் பொருந்தாது. ஏ.எம்.டி. எல்லா டிரைவரையும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓட்ட வைக்கும். முள்ளைப் பச்சையிலேயே வைத்து ஓட்டத் தெரியாத ஆள், ஒவ்வொரு கியரையும் உறும விட்டு மாற்றுகிற ஆள், இவர்கள் கையில் டீசல் கண்டிப்பாக மிச்சமாகும். உங்கள் அண்ணன் மாதிரி காதாலேயே எஞ்சின் சத்தம் கேட்டு கியர் போடுகிறவர் கையில் பெரிய வித்தியாசம் வராது. மாதம் 7,500 கிலோமீட்டர் ஓட்டி, லிட்டருக்கு 3 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,500 லிட்டர் ஆகிறது. அதில் நூற்றுக்கு மூன்று மிச்சமானால் 75 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் 6,900 ரூபாய். இரண்டு வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசத்தையும், அதற்குக் கட்டும் வட்டியையும் இதோடு ஒப்பிட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம். டிரைவர் அடிக்கடி மாறும் வண்டியாக இருந்தால் இந்தக் கணக்கு சீக்கிரம் தேறும். அண்ணன் ஒருவரே ஓட்டப் போகிறார் என்றால் மைலேஜை நம்பி எடுக்காதீர்கள்.

பிறகு எதை நம்பி எடுக்கச் சொல்கிறேன்? அவர் முழங்காலை. நெலமங்களாவில் தொடங்கி பெங்களூரைக் கடந்து அத்திப்பள்ளி, ஓசூர் வரும்வரை அவர் இடது கால் என்ன பாடுபடும் என்று கிளீனர் சீட்டில் உட்கார்ந்து ஒரு டிரிப் பாருங்கள். கிளட்ச் பூஸ்டர் வந்த பிறகு பெடல் லேசானது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறை வண்டி நகரும்போதும் அதே கால், அதே முட்டி. ஐம்பதைத் தாண்டிய பல டிரைவர்கள் நெடுந்தூர வேலையை விட்டுவிட்டு உள்ளூர் டிப்பருக்குப் போவதற்கு இடுப்பும் முட்டியும் ஒரு பெரிய காரணம். அந்த அனுபவத்தை இன்னும் சில வருடம் உங்கள் வண்டியில் வைத்துக்கொள்ள முடியுமானால், அது மாதம் 75 லிட்டர் டீசலைவிடப் பெரியது. களைப்பு குறைந்தால் விடியற்காலையில் கண் சொக்குவதும் குறையும். முட்டி வலிக்கு அவரை ஒரு எலும்பு டாக்டரிடமும் அழைத்துப் போங்கள், வண்டி மாற்றினால் மட்டும் அது குணமாகாது.

அவர் பழக வேண்டியவை சில. முதல் சில நாள் இடது கால் சும்மா இருக்காது, கிளட்ச் தேடும். அந்த வேகத்தில் பிரேக் பெடலின் ஓரத்தை மிதித்துவிட்டால் பின்னால் வருகிறவன் வந்து மோதுவான். இடது காலை உள்ளே இழுத்துத் தரையில் ஊன்றி வைக்கப் பழகட்டும், காலி வண்டியில், ஆளில்லாத இடத்தில். அடுத்தது மேட்டில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சமாக மிதித்தே வண்டியைப் பிடித்து வைக்கும் பழக்கம். ஏ.எம்.டி.யில் அப்படிச் செய்தால் கிளட்ச் பாதி பிடித்தபடி தேய்ந்துகொண்டே இருக்கும், வாசனை வருவதற்குள் பிளேட் கருகிவிடும். ஹில் ஹோல்டையோ (மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் வசதி) ஹேண்ட் பிரேக்கையோ போட்டு நிற்க வேண்டும். டிராஃபிக்கிலும் அப்படியே. அடி அடியாக ஊராமல் முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, பிறகு மொத்தமாக நகர வேண்டும். இடையில் யார் நுழைந்தாலும் நுழையட்டும். யார்டில் சேறும் மண்ணுமாக இருக்கும் இடத்தில், பெட்டி தானாக கியர் மாற்றும் அந்த நொடியில் இழுவை விட்டுப்போய் வண்டி புதையப் பார்க்கும். அங்கேயும் மேனுவல் நிலையில் முதல் கியரிலேயே வைத்து வெளியே வர வேண்டும்.

நடுவழியில் நின்றால் என்ன என்கிற உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. மேனுவல் வண்டியில் கிளட்ச் பூஸ்டர் போனாலும், தெரிந்த டிரைவர் கியரில் போட்டே ஸ்டார்ட் செய்து, எஞ்சின் வேகத்தைப் பார்த்துப் பார்த்து கியர் மாற்றி, பக்கத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். ஏ.எம்.டி.யில் அந்த வழி இல்லை. தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. கோளாறு பெரும்பாலும் பல்சக்கரத்தில் வராது. சென்சாரில், ஒயர் கனெக்டரில், ஏர் கசியும் ஆக்சுவேட்டரில் வரும். அதைக் கண்டுபிடிக்க லேப்டாப்பும் ஸ்கேனரும் வேண்டும். ரோட்டோர மெக்கானிக் கிளட்ச் பிளேட்டை மாற்றிவிடலாம். ஆனால் புதுப் பிளேட் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கண்ட்ரோல் யூனிட்டுக்கு ஸ்கேனர் மூலம் கற்றுக்கொடுக்காவிட்டால் வண்டி ஒவ்வொரு முறையும் துள்ளித் துள்ளித்தான் எடுக்கும். ஆகவே சேலத்தில் சர்வீஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். சித்ரதுர்கா, ஹிரியூர் பக்கம் நின்றால் ஸ்கேனரோடு ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவான், ஆக்சுவேட்டரும் கண்ட்ரோல் யூனிட்டும் எத்தனை வருட வாரண்டியில் வருகின்றன என்று கேளுங்கள். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டால் இந்தப் பாகங்கள் அதில் அடங்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பதில் திருப்தியாக இல்லையென்றால் நான் சொன்ன முடிவை மாற்றிக்கொள்ளலாம், நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தக் கோளாறுகளில் பாதியை நீங்களே வராமல் தடுக்கலாம். இந்தப் பெட்டிக்கு உயிர் ஏரும் கரண்டும்தான். ஏர் டேங்கில் தண்ணீர் நிற்கவிடாமல் வாரம் ஒரு முறை திறந்துவிடச் சொல்லுங்கள். தண்ணீரோ ஆயிலோ வந்தால் ஏர் டிரையர் ஃபில்டர் போய்விட்டது என்று அர்த்தம். மேனுவல் வண்டியில் அதைத் தள்ளிப்போட்டுத் தப்பித்திருப்பீர்கள், இதில் அந்த ஈரம் நேராக ஆக்சுவேட்டர் வால்வுக்குப் போகும். பேட்டரி வலு குறைந்தால் கண்ட்ரோல் யூனிட் என்னென்னவோ கோளாறு காட்டும். இரண்டு பேட்டரியையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். வண்டியைக் கட்டி இழுக்க நேர்ந்தால் கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரோப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். இது மேனுவலுக்கும் நல்லது, இதற்குக் கட்டாயம்.

விற்கும்போது என்ன ஆகும் என்றால், இன்றைய நிலையில் பழைய வண்டி வாங்கும் புரோக்கர்கள் மேனுவலைத்தான் முதலில் கேட்பார்கள். ஐந்து வருடத்துக்குள் கைமாற்றும் எண்ணம் இருந்தால் அதையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள். வைத்து ஓட்டுவதாக இருந்தால் இதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

இனி செய்ய வேண்டியது, டெமோ வண்டி கேட்டு வாங்குவது. காலி வண்டியில் சேலம் பைபாஸில் ஒரு ரவுண்டு போனால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். லோடோடு கொடுக்கச் சொல்லுங்கள். கூட கம்பெனி டிரைவர் உட்காரட்டும், ஸ்டியரிங்கில் அண்ணன் உட்காரட்டும். தொப்பூர் மேலே மேனுவல் நிலைக்கு மாற்றி, எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு, அவர் கையாலேயே இறக்கிப் பார்க்கட்டும். கீழே வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி டிரம் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று, தொடாமல், பக்கத்தில் கையைக் காட்டி அவரே பார்ப்பார். அவர் வாயிலிருந்து வரும் பதிலை வைத்து முடிவு செய்யுங்கள்.

வண்டி எடுத்துவிட்டால், முன்னால் கம்பி கார்டு போடவும் ட்ரெய்லருக்கு பிராக்கெட் அடிக்கவும் நம் ஊர்ப் பட்டறைக்குத்தான் போகும். அங்கே யாரும் வெல்டிங் கம்பியைத் தொடுவதற்கு முன்னால் பேட்டரியின் இரண்டு ஒயரையும் கழற்றச் சொல்லுங்கள், கண்ட்ரோல் யூனிட் கனெக்டர்களையும் பிரிக்கச் சொல்லுங்கள், எர்த் கிளாம்பை வெல்டிங் அடிக்கும் இடத்துக்கு ஒட்டியே மாட்டச் சொல்லுங்கள். ஹாரன், சீரியல் லைட் எதற்கும் கம்பெனி ஒயரைச் சீவி லைன் எடுக்க விடாதீர்கள். தனி ரிலே, தனி ஃபியூஸ் போட்டுக் கொடுக்கட்டும்.